கிங்கை வெல்ல எந்த வழி: பயிற்சி அறையா, எதிராளியின் கதிரையா?

பரந்தனில் மச்சான் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் ஆறேழு பேர் கூடுவோம். லண்டனில் இருந்து சித்தப்பா கொண்டுவந்த பழைய பிஎஸ்4 விளையாட்டுப் பெட்டி, இரண்டு கொன்ட்ரோலர், டெக்கன் 7 என்ற சண்டை விளையாட்டு. தோற்றவர் கதிரையை விட்டு எழும்ப வேண்டும், வென்றவர் இருப்பார். விளையாட்டில் நாம் இயக்கும் வீரனைக் கரக்டர் என்போம்; நான் எடுப்பது ஜின். போல் வந்தாலும் லீ வந்தாலும் பத்துக்கு ஐந்தாவது வெல்வேன். மச்சான் கிங்கை எடுத்தால் மட்டும் நாலு மாதமாக ஒரு ஆட்டம்கூட எடுக்க முடியவில்லை. ஜாகுவார் முகமூடி போட்ட அந்த மல்யுத்தக்காரன் கிட்ட வந்தாலே என் விரல்கள் விறைத்துவிடும்.

இதைத்தான் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்கள் மேட்ச்அப் என்கிறார்கள். ஆடுகிற ஆளின் பலம் ஒரு கணக்கு; இந்தக் கரக்டருக்கு எதிரே அந்தக் கரக்டர் என்பது இன்னொரு கணக்கு. சம திறமையுள்ள இருவர் பத்து ஆட்டம் ஆடினால் யார் எத்தனை எடுப்பார் என்று யோசித்து, ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நாலு என்று பேசிக்கொள்வார்கள். ஜின் கிங்குக்குக் குறைந்தவன் இல்லை. ஆகவே குறை ஜினில் இல்லை. கிங் என்ன செய்வான், எப்போது செய்வான், செய்தால் நான் என்ன செய்யலாம் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளும் வழிகளில் நான்கை நான் முழுமனதோடு முயன்று பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சில வழிகள் கொழும்பில் இருப்பவருக்குச் சரிவரும். கிளிநொச்சியில் இருந்து ஆடுகிற எங்களுக்கு அதே வழி பாதிதான் பலன் தரும்.

முதலில் பயிற்சி அறை. விளையாட்டிலேயே இருக்கிறது, இணையம் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. எதிரே நிற்கிற பொம்மைக் கரக்டரை நாமே இயக்கிப் பதிந்துவிட்டு, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கலாம். இந்த விளையாட்டுகள் ஒரு நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், என்ற கணக்கில் ஓடுகின்றன. டெக்கனில் மிக வேகமான குத்து 10 பிரேமில் வரும். எதிராளியின் ஓர் அடியை நாம் தடுத்த பிறகு அவர் மீள நம்மைவிட 10 பிரேம் கூட எடுத்தால், அந்தக் குத்து அவருக்குக் கட்டாயம் விழும், அவரால் தடுக்கவே முடியாது. 15 பிரேம் என்றால் பெரும்பாலான கரக்டர்களால் அவரை ஆகாயத்துக்கே தூக்கிவிடலாம். எந்த அடிக்குப் பிறகு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது என்பதை விறாந்தைச் சத்தத்துக்குள் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சி அறையில் ஒரு மணித்தியாலம் போதும். டெக்கன் 7இல் இந்தப் பிரேம் எண்களைத் திரையில் பார்க்கும் வசதியைப் பிறகு தனியாகக் காசுக்குத்தான் விற்றார்கள். 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8இல் அது கூடவே வருகிறது. ஆனால் டெக்கன் 8 பிஎஸ்4இல் ஓடாது. எங்கள் பக்கத்தில் பலரிடம் இன்னும் பிஎஸ்4தான் இருக்கிறது.

கிங்கின் பலம் பிடிகளில் இருக்கிறது. பிடி விழுந்த உடனே சரியான பட்டனை அமத்தினால் அதை உடைத்துத் தப்பலாம், அதற்குக் கிடைப்பது அரை நொடிக்கும் குறைவு. பொதுவான பிடிகளை இடக்கைக் குத்து, வலக்கைக் குத்து இரண்டில் எதை அமத்தியும் உடைக்கலாம். கிங்கின் விசேஷப் பிடிகள் அப்படியில்லை. அவன் எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்க்க வேண்டும்: இடக்கை என்றால் இடக்குத்து, வலக்கை என்றால் வலக்குத்து, இரண்டு கையும் நீண்டால் இரண்டும் சேர்த்து. காலைப் பிடித்துச் சுழற்றி எறிகிற ஜயன்ட் ஸ்விங்குக்கு இடக்குத்து. மூன்று விதமான பிடிகளைப் பதிந்து, எது வரும் என்று தெரியாமல் மாற்றி மாற்றி வர வைத்துப் பழகினேன். முதல் நாள் பத்தில் மூன்றை உடைத்தேன். இரண்டு கிழமையில் ஏழு எட்டு.

அடுத்த ஞாயிறு மச்சானோடு இருந்தேன். ஒரு பிடியைக்கூட உடைக்கவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பொம்மை பிடிக்கத்தான் வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், கண் அதன் கையிலேயே இருக்கும். மச்சான் நடுவில் ஒரு உதை விடுவான், இரண்டு குத்து விடுவான், சும்மா நிற்பான், அதற்குப் பிறகுதான் பிடிப்பான். பயிற்சி அறை என் விரலைத் திருத்தித் தந்தது. எப்போது எதை எதிர்பார்ப்பது என்பதை அது சொல்லித் தரவில்லை. இதை அதன் குறையாக நான் சொல்லவில்லை, அதனிடம் கேட்கக்கூடாததை நான் கேட்டுவிட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எந்த ரிவியில் போட்டி ஆடுவீர்களோ அதே ரிவியில் பழகுங்கள். சில ரிவிகள் படத்தை மெருகாக்கப் பிந்திக் காட்டும், கேம் மோட் போட்டால் அது பெருமளவு குறையும். என் வீட்டு ரிவியில் உடைந்த பிடி மச்சான் வீட்டு ரிவியில் உடையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, அந்தக் கரக்டரை ஆடுகிற ஒரே ஆளோடு நீண்ட நேரம் தொடர்ந்து ஆடுவது. தோற்றவர் எழும்பும் ஒழுங்கை விட்டுவிட்டு, இருபது முப்பது ஆட்டம் அதே இரண்டு பேர். இதன் பெருமையைச் சொல்ல லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் போதும். சண்டை விளையாட்டு உலகம் அதுவரை பெரிதாகக் கவனிக்காத பாகிஸ்தானின் உள்ளூர்க் கடைகளில் ஆடி வளர்ந்தவர், 2019இல் ஜப்பானில் நடந்த எவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியையும், அதே ஆண்டு லாஸ் வேகாசில் நடந்த எவோவையும் டெக்கன் 7இல் வென்றார். இரண்டாவதின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவின் பே ஜே-மின்னைத் தோற்கடித்தார். பக்கத்தில் இருந்து ஆடக் கெட்டிக்காரர்கள் இருந்தால் வெளியே தேட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. வன்னிப் பொடியளுக்கு இது மனதில் வைத்திருக்க வேண்டிய கதை.

நீண்ட ஆட்டத்தில் கிடைக்கும் மிகப் பெரிய சொத்து, எதிராளி வாயால் சொல்வது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஆட்டத்துக்குப் பிறகு மச்சான் கேட்டான்: “டேய், நீ விழுந்து எழும்பினவுடன ஏன் எப்பவும் குத்துற? நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.” எனக்கே தெரியாத என் பழக்கம். எந்தப் பொம்மையும் இதைச் சொல்லியிருக்காது. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மச்சானோடு மட்டுமே ஆடியதில் நான் கற்றது கிங்கை அல்ல, மச்சானை. முல்லைத்தீவில் இருந்து வந்த ஒரு தம்பி அதே கிங்கை எடுத்தபோது, மச்சானுக்கு எதிராகச் சரிவந்த எதுவும் அவரிடம் சரிவரவில்லை. ஒரு ஊரில் ஒரு கிங்தான் இருக்கிறார் என்றால் இந்த வழியை மட்டும் நம்ப முடியாது.

இணையத்தில் முன்பின் தெரியாதவரோடு ஆடுவதையும் காணொளி பார்ப்பதையும் நான் தனி வழியாக எண்ணவில்லை. 100 மில்லிசெக்கன் தாமதம் என்றால் ஆறு பிரேம். பிடியை உடைக்கக் கிடைக்கிற அற்ப நேரத்தில் ஆறு பிரேம் போனால், கண்ணால் பார்த்து உடைக்கும் பழக்கம் கெட்டு, ஊகித்து அமத்தும் பழக்கம்தான் வளரும். காணொளி பிரயோசனமானது, ஒரு குறிப்புப் புத்தகத்தோடு பார்த்தால். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், போனில் இறக்கி வைத்ததைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பி இன்னும் உதவுகிறது.

மூன்றாவது வழிதான் நான் முதலிடம் கொடுப்பது: உங்களைத் தோற்கடிக்கும் கரக்டரை நீங்களே எடுத்து ஆடுவது. ஒரு மாதம் ஜினைத் தொடாமல் கிங்கை மட்டும் எடுத்தேன். மச்சானுக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு அவனே பழக்கிவிட்டான்.

304 சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். துரும்பைக் கவிழ்த்து வைத்திருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது, ஒருதரம் நீங்களே கேட்டுத் துரும்பு வைத்து ஆடினால்தான் தெரியும். கிங்குக்கும் பயங்கள் இருக்கின்றன. எதிரே இருந்தபோது அவன் எல்லாம் வல்லவன் போலத் தெரிந்தான். அவன் கதிரையில் இருந்தபோது நான் கண்டது வேறு. பிடிக்க வேண்டுமென்றால் அவன் நன்றாகக் கிட்ட வர வேண்டும். எதிராளி அரை அடி பின்னால் நகர்ந்தால் அவன் கை வெறும் காற்றைப் பிடிக்கும், அந்த நேரம் அவன் உடம்பு முழுக்கத் திறந்து கிடக்கும். நின்றபடி இருப்பவரைப் பிடிக்கும் பிடிகள் எல்லாம் உயரத்தில் வருபவை, குனிந்தால் தலைக்கு மேலால் போய்விடும். அதனால் கிங் ஆடுகிறவர் எதிராளி குனியத் தொடங்குவதை மிகவும் வெறுப்பார். குனிகிறவரை நிமிர்த்த நடு உயர அடிகளை விட வேண்டும், அவற்றில் பலதைத் தடுத்தால் நமக்கு அடிக்க நேரம் கிடைக்கும். அதாவது என்னை விறைக்க வைத்த பிடி பிடியில் தொடங்கவே இல்லை. நான் நின்று கொண்டே எதையும் செய்யாமல் இருப்பேன் என்ற அவனுடைய நம்பிக்கையில் தொடங்கியது.

ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் கிங்கின் சங்கிலிப் பிடிகளும் அப்படித்தான். எதிரே இருக்கும்போது ஒரு முறை மாட்டினால் முடிந்தது என்று கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிடுவேன். நானே செய்யப் போனபோது, ஒவ்வொரு கண்ணிக்கும் கட்டளையைச் சரியாக, வேகமாகப் போட வேண்டியிருந்தது, பாதியில் பலமுறை அறுந்து போனது. எங்கே அடுத்த கண்ணி பிரிகிறது என்பதை என் விரல் அறிந்துகொண்டதால், எங்கே உடைக்கப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து ஜினோடு திரும்பியபோது முதல் நாளே பத்தில் மூன்று எடுத்தேன். பயிற்சி அறையில் பழகிய விரலும் அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது, எந்த இடத்தில் பிடி வரும் என்று மனம் முன்னதாகவே சொல்லியதால்.

இந்த வழியின் செலவு நேரம். ஒரு மாதம் உங்கள் சொந்தக் கரக்டர் துருப்பிடிக்கும். எட்டு பத்துக் கரக்டர் உங்களுக்குத் தொல்லை என்றால் எல்லோரையும் இப்படி எடுத்துப் படிக்க முடியாது. மிகவும் தோற்கடிக்கும் ஒன்றையோ இரண்டையோ தெரிவு செய்யுங்கள்.

நான்காவது, கரக்டரையே மாற்றிவிடுவது. கிங்குக்கு எதிராக மட்டும் வேறொருவரை எடுத்து வைத்திருப்பது. போட்டிகளில் பொதுவான ஒழுங்கு, வென்றவர் அதே கரக்டரோடு தொடர வேண்டும், தோற்றவர் விரும்பினால் மாற்றலாம் என்பது. ஆகவே இது முழுக்க நேர்மையான வழி, இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என்றாலும் இரண்டாவது கரக்டரைப் போட்டித் தரத்துக்குக் கொண்டுவர மாதக்கணக்கு ஆகும். அந்த மாதங்களில் கால்வாசியைக் கிங்கைப் படிக்கச் செலவழித்தால் போதும். உங்கள் கரக்டரிடம் உண்மையிலேயே பதில் இல்லை என்று நீங்கள் நிச்சயப்படுத்திய பிறகுதான் இதற்குப் போக வேண்டும். நிச்சயப்படுத்த மற்ற மூன்று வழிகளும் தேவை.

இனி, என் வரிசை தலைகீழாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. கரடிப்போக்கில் ஒரு நண்பரிடம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இருக்கிறது. 2023 ஜூனில் வந்த அது பிஎஸ்4இலும் ஓடும். அங்கே நான் எடுப்பது சாங்கீஃப், அவர் எடுப்பது கைல். சாங்கீஃப் கிட்டப் போய்ப் பிடிக்க வேண்டும், கைல் தூரத்தில் நின்று சோனிக் பூம் என்ற எறிபடையை எறிந்துகொண்டே இருப்பார், பாய்ந்தால் பிளாஷ் கிக் என்ற மேல்நோக்கிய உதை விழும். கைலை நானும் ஒரு கிழமை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு நல்ல விசயம் கிடைத்தது: பின் திசையைக் கொஞ்சம் அமத்தி வைத்திருந்துதான் சோனிக் பூமை எறியலாம், கீழ்த் திசையை அமத்தி வைத்திருந்துதான் பிளாஷ் கிக்கை விடலாம். ஆகவே கைல் முன்னால் நடக்கிற நேரம் அவரிடம் இரண்டும் இல்லை. இது முக்கியம்தான். ஆனால் அதைத் தெரிந்த பிறகும் தோற்றேன், ஏனெனில் கைல் என்ன விரும்புகிறார் என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். என்னைத் தூரத்தில் வைத்திருக்க விரும்புகிறார், அவ்வளவுதான். எனக்கு இல்லாதது பொறுமை.

அதற்குப் பயிற்சி அறைதான் முதலில் வேண்டும். மெதுவாக வரும் பூம், வேகமாக வரும் பூம் இரண்டையும் பதிந்து கலந்து விட்டு, கொஞ்சம் நடந்து, டிரைவ் பரி என்ற தடுப்பால் வாங்கி, திரும்பக் கொஞ்சம் நடந்து பழக வேண்டும். பரி சரியாக விழுந்தால், இப்படியான செயல்களுக்குச் செலவாகும் டிரைவ் அளவு கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், பொறுமைக்கு அந்த விளையாட்டே கூலி கொடுக்கிறது. அதற்குப் பிறகு அதே நண்பரோடு முப்பது ஆட்டம், பாய்வதே இல்லை என்ற ஒரே கட்டுப்பாட்டோடு. முதல் பத்திலும் தோற்பீர்கள். பதினைந்தாவதில் அவர் முன்னால் நடக்கத் தொடங்குவார். நீங்கள் காத்திருந்தது அதற்காகத்தான்.