டைகர்: அம்பா, ஆறா?
புலியைக் குறிக்கும் டைகர் என்ற ஆங்கிலச் சொல், கிரேக்கத்தின் டிக்ரிஸ் என்ற சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்து சேர்ந்தது, அதுவரை சிக்கல் இல்லை. அதற்கும் பின்னால் போனால் இரண்டு விளக்கங்கள்.

எனக்குப் பிடித்தது அம்பு. பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் திக்ர என்றால் கூர்மையானது, திக்ரி என்றால் அம்பு. இன்றும் பாரசீகத்தில் அம்புக்குத் தீர் என்றுதான் பெயர். நாணிலிருந்து விடுபட்ட அம்பு மாதிரி பாய்கிற விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் வாரோ, ஆர்மீனிய மொழியில் அம்பும் வேகமான ஆறும் டிக்ரிஸ்தான் என்று எழுதிவைத்தார். ஆனால் ஒரு ஓட்டை உண்டு: பழைய ஈரானிய நூல்களில் இந்தச் சொல் புலியைக் குறித்து வருவதில்லை, பாரசீகத்தில் புலிக்குப் பெயர் பப்ர்.

அப்புறம் ஆறு. இராக்கில் ஓடும் டைக்ரிஸ் ஆற்றின் பெயரே புலிக்கு வந்தது என்பது இன்னொரு விளக்கம். கிரேக்கத்தில் ஆற்றையும் புலியையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், சரி. ஆனால் அந்த ஆற்றை அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியர் இதிக்னா என்றார்கள், அக்காதியர் இதிக்லத் என்றார்கள், பழம்பாரசீகர் வாயில்தான் அது திக்ரா ஆனது. அதாவது ஆற்றின் பெயரிலேயே கூர்மை பிறகுதான் ஏறியது. அதனால் என் ஓட்டு அம்புக்கே.