மாங்குளம் வீதியோரத்தில் வாங்கிய மண்தட்டு

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கினால் எங்கள் வளவில் பச்சை என்று ஒன்றும் மிஞ்சாது. அப்படியொரு ஆனி மாதத்தில்தான் மாங்குளத்துக்குப் பக்கத்தில், ஏ9 வீதியோரக் கடையில், பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க அகலமான மண்தட்டு ஒன்று வாங்கினேன். 600 ரூபாய்.

முன்பு வைத்திருந்தது பிளாஸ்டிக். விளிம்பில் கால் வழுக்கும், மத்தியானம் தண்ணீர் சுட்டுவிடும். இது மெருகு போடாத மண். நீர் மெல்லக் கசிந்து ஆவியாவதால் பின்னேரம் வரை குளிர்ச்சி நிற்கிறது. ஆழம் இரண்டு விரல்தான், சின்னக் குருவிக்கும் பயமில்லை.

முதல் இரண்டு நாளும் காகம் மட்டும். மூன்றாம் நாள் புலுனி (தவிட்டுக்குருவி) கூட்டம் வந்தது, எட்டுப் பேர். ஒன்று வேலியில் காவல் இருக்க, மற்றவை குடித்தன. அதிலொன்று தட்டுக்குள்ளேயே இறங்கிச் செட்டையடித்துக் குளித்தது. நனைந்த இறகு உடம்போடு ஒட்ட, அந்த வெளிறிய கண்ணால் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி முங்கியது. குசினி வாசலை விட்டு நான் அசையவேயில்லை.

குறை ஒன்றுண்டு. அடிப்பக்கம் சமமில்லை, ஆடுகிறது. கடைக்கார ஐயாவிடம் சொன்னேன். “குருமணலுக்குள்ள பதிச்சு வையுங்கோ பிள்ளை” என்றார். சரியாகிவிட்டது.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். பக்கத்தில் ஒரு பிடி குறுநெல் தூவினால் மணிப்புறாவும் வரும். மாம்பழத்தான் என்ற மஞ்சள் பறவைக்கு நெல் வேண்டாம், பழுத்த பப்பாளித் துண்டு வைக்கிறேன்.

அடுத்த மாதம் இன்னொன்று வாங்கி, பின்பக்கப் பாலை மரத்தடியில் வைக்கப்போகிறேன்.