கட்டுத்தறியில் பரப்ப எது: வைக்கோல் கட்டா, கரும்புச் சோகைக் கட்டா?

சேலம் வட்டாரத்துக் குடும்பப் பண்ணைகளுக்கு என் ஓட்டு கரும்புச் சோகைக்குத்தான், அதாவது காய்ந்த கரும்பிலைக்கு. வைக்கோல் ஈரத்தை நன்றாக இழுக்கும், மெத்தென்று இருக்கும், சீக்கிரம் மட்கும். ஆனால் அது தீவனம். கோடையில் டெல்டாவிலிருந்து லாரியில் வருவதைக் காசு கொடுத்து இறக்கி, மாட்டுக் காலடியில் போட யாருக்கு மனசு வரும்? போட்டாலும் மாடு சும்மா விடாது, மூத்திரம் பட்டதையும் சேர்த்து இழுத்துத் தின்னும். பூஞ்சணம் அந்த வழியாகத்தான் வயிற்றுக்குள் போகிறது. காய்ந்த சோகையைப் பெரும்பாலும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்.

சோகையின் சிக்கல் ஈரம். இலைமேல் மெழுகுப் பூச்சு இருப்பதால், கட்டைப் பிரித்து அப்படியே பரப்பினால் மூத்திரம் மேலாக வழிந்து அடியில் தேங்கும். தீவனம் நறுக்கும் மெஷினில் 2, 3 அங்குலத் துண்டாக வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி தரை. மூத்திரக் கால்வாயை நோக்கி வாட்டம் இல்லாத தரையில் எதைப் பரப்பினாலும் சேறுதான். முதலில் அரையடி உயரத்துக்குப் போடுங்கள். தினமும் காலையில் சாணியோடு பின்னங்கால் பக்கத்து நனைந்த பகுதியை மட்டும் வழித்தெடுத்து, முன்பக்கத்துக் காய்ந்ததைப் பின்னால் தள்ளி, புதியதை முன்னால் போட வேண்டும். மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, முட்டி போட்டுப் பத்து நொடி அழுத்துங்கள். வேட்டி நனைந்தால் மாடு ஈரத்தில்தான் படுத்திருக்கிறது, மடிநோய்க்கு அது போதும்.

எருவாகும்போதும் நறுக்கிய சோகைதான் கைகொடுக்கும். முழுச் சோகை குப்பைக்குழியில் மாதக்கணக்கில் நார்நாராகவே கிடக்கும். அதை அரைகுறையாக வயலில் கொட்டினால், மட்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். நறுக்கியது மூத்திரமும் சாணியும் ஊறிய நிலையில் குழிக்குப் போனால், ஈரம் குறையாமல் பார்த்து மாதம் ஒருமுறை புரட்டிவிட, மூன்று நான்கு மாதத்தில் உதிரும் பதத்துக்கு வரும்.

கட்டு வாங்கும்போது எடையைவிடச் சூட்டைப் பாருங்கள். ஈரத்தோடு கட்டியது உள்ளே புழுங்கும். ஒரு இரும்புக் கம்பியை நடுவரை குத்திக் கொஞ்ச நேரம் விட்டு உருவினால், கை பொறுக்காத சூடு தெரியும். அதை அடுக்கவே கூடாது, தீப்பிடிக்கும். நல்ல கட்டானாலும் தரையில் படாமல் மரக்கட்டைமேல் தூக்கி, தார்ப்பாய் போட்டு, கொட்டகையிலிருந்து தள்ளி அடுக்குங்கள். பிரிக்கும்போது கயிற்றை எண்ணி ஆணியில் மாட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் கயிறு மாட்டு வயிற்றில் போனால் செரிக்காது, பந்தாகச் சுருண்டு நிற்கும்.

வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கரும்புக்கு, மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு வேண்டும் என்பதால், தோட்டத்துச் சோகை முழுவதையும் கட்டுக்கட்டும் மெஷினான பேலருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அள்ளினால் போதும்.

சினைமாடு கன்று ஈனும் இடத்துக்கும் இளங்கன்றுக்கும் மட்டும் நானும் வைக்கோல் பக்கம்தான். சோகை ஓரம் ரம்பம்போல் அறுக்கும், மடிக்காம்பிலும் காயாத தொப்புள்கொடியிலும் கீறல் விழும். மேச்சேரி ஆட்டுப் பட்டிக்கு நறுக்கிய சோகை தாராளமாகப் போடலாம், கம்பளி இல்லாத இனம் என்பதால் உடம்பில் சிக்காது.

ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளத் தட்டுதான் மலிவு. நறுக்கினால் தண்டுக்குள் இருக்கும் பஞ்சுபோன்ற உள்சோறு ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் தடித்த அடித்தண்டு காயாமல் கட்டுக்குள் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலம் முழுக்கத் தாக்குப்பிடிக்குமா என்பதில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஏற்காட்டுக்காரர்களுக்குச் சோகையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றும் வண்டி வாடகையே அதன் மலிவைத் தின்றுவிடும், மேலே போனபின் மூடுபனி வேறு கட்டைக் காயவிடாது.