மார்த்தாண்ட வர்மாவும் சர் சி.பி.யும்: யார் வீரர், யார் கொடுங்கோலர்?

நாகர்கோவில் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் திருவிதாங்கூர் ஆட்சி என்பது வீட்டுப் பேச்சு. அதில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி மோதும்.

திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார். தன்னை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களை அவர் வேரறுத்தது கொடுமைதான். அதை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டச்சுப் படையில் வந்து பிடிபட்ட டிலனாயைக் கொல்லாமல், தன் படையைப் பயிற்றுவிக்கவே அமர்த்தினார். புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே செதுக்கப்பட்டிருக்கின்றன. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, தாசனாக ஆண்டார். தனக்கு மேலே ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொண்ட அரசர் அவர்.

சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்தபோதுதான் 1936-இல் தாழ்த்தப்பட்டோருக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் என்ற ஊரின் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரமும் வந்தது. அதற்காக மதிக்கிறேன். ஆனால் மாற்றுக் குரல் அவருக்குப் பொறுக்கவில்லை. 1938-இல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு. 1946-இல் புன்னப்ராவிலும் வயலாரிலும் ஏழைத் தொழிலாளர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். அந்த மின்சாரத்தை வைத்து இந்த ரத்தத்தைக் கழுவ என்னால் முடியாது. 1947 ஜூலையில் திருவனந்தபுரத்தில் சி.பி. வெட்டுப்பட்டார். அடுத்த மாதமே பதவி விலகினார்.