காதில் பிரெஞ்சு, காலடியில் மலை: கோத்தகிரியில் கற்றது ரியூனியன் எரிமலையில் எவ்வளவு உதவியது?

நடந்துகொண்டே காதால் பிரெஞ்சு கற்கும் முறையைச் சில வருஷங்களாகக் கோத்தகிரியில் பயன்படுத்தி வருகிறேன். சந்தா கட்டும் செயலி எதுவும் இல்லை. ஒரு வானொலி நிகழ்ச்சி, ஒரு இலவசத் தளம், சொற்களை மறக்கும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும் ஆங்கி என்ற அட்டைச் செயலி, அப்புறம் தேயிலைக்கு நடுவே போகும் பாதைகள். இதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் தனியாக ஒரு நாள் மலை ஏறி இறங்க முடியுமா என்பதை இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியன் தீவில் பார்த்துவிட்டு வந்தேன். முடிந்தது. எது உதவியது, எது போதவில்லை என்று விவரமாகவே எழுதுகிறேன். தமிழ் பேசிப் பழகிய காதுக்குப் பிரெஞ்சில் சில சலுகைகள் உண்டு, அதை எந்தப் பாடத்திலும் நான் கேட்டதில்லை.

முதலில் கருவிகள். பிரான்சின் பன்னாட்டு வானொலியான ஆர்.எஃப்.ஐ.யின் 'எளிய பிரெஞ்சில் செய்தி' தினமும் வருகிறது, பத்து நிமிஷம், எழுத்து வடிவத்தோடு. உலகச் செய்தியை வாசித்துவிட்டு, கடினமான சொல் வந்தால் அங்கேயே இன்னொரு தடவை எளிதாக விளக்கிவிடுவார்கள். எனக்கு இந்த முறையின் முதுகெலும்பே இதுதான். வீட்டில் வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்புவேன், ஏனென்றால் மலைப் பாதையில் பல வளைவுகளில் சிக்னல் இருக்காது. கன்னேரிமுக்கு பக்கம் இறங்கும்போது எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை கேட்பேன். கீழே டீக்கடையில் உட்கார்ந்து எழுத்தோடு ஒப்பிடுவேன். திரும்பி ஏறும்போது வாய்விட்டுக் கூடவே சொல்வேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது சொல்லிப் பழகிய வாக்கியம் அப்புறம் எங்கேயும் தடுமாறுவதில்லை.

டி.வி.5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில், தொடக்க நிலையான ஏ1 முதல் இடைநிலைக்கு மேலான பி2 வரை நிலைவாரியாகக் காணொளிப் பயிற்சிகள் இலவசமாக இருக்கின்றன. மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களுக்கு அது. ஆங்கியில் நான் போடும் அட்டை ஒவ்வொன்றிலும் ஒலி கட்டாயம். எழுத்து மட்டும் இருக்கும் அட்டையால் மலையில் பிரயோஜனம் இல்லை.

இந்த முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: இயர்போன் ஒரு காதில் மட்டும். எங்கள் ஊரில் காட்டெருமை தேயிலைக்குள் நின்றால் பத்தடி வரும்வரை தெரியாது. கரடி சாயங்காலமானால் குடியிருப்பு ஓரத்துக்கே வருகிறது. சருகு நொறுங்கும் சத்தம் கேட்கிற மாதிரி இன்னொரு காது திறந்தே இருக்க வேண்டும். காட்டுக்குள் தனியாக நடக்கவும் கூடாது, வனத்துறை அனுமதி வேண்டும். 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டிகளோடு போகலாம். எங்கள் லாங்வுட் சோலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சோலைக்குள் நான் எதையும் காதில் வைப்பதில்லை. அங்கே கேட்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்கு எஸ்டேட் பாதையும் ஊர்ப் பாதையுமே போதும்.

அந்தப் பாதைகளில் எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியை கொழுந்து பறிக்கும் ஒரு அக்காதான்.

"என்ன கண்ணு, தானா பேசிக்கிட்டுப் போறே?"

"பிரெஞ்சு நியூஸுங்க அக்கா. கூடவே சொல்லிப் பழகறேன்."

"அப்படியா? சரி, இன்னைக்கு என்ன நியூஸு? சொல்லிட்டுப் போ."

கேட்ட செய்தியை மூன்று வரியில் தமிழில் சொன்னேன். அதிலிருந்து அவர் இருக்கும் நாளெல்லாம் இது நடந்தது. யாருக்காவது சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தால் கேட்கும் விதமே மாறிவிடும். சொல் சொல்லாகப் பிடித்துக்கொண்டு போகாமல் 'யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன ஆனது' என்று காது தேட ஆரம்பிக்கும். பிற்பாடு எரிமலையில் எனக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

தமிழ்க் காதுக்குள்ள சலுகை என்று சொன்னேன் இல்லையா? பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களுக்கு மற்றவர்கள் மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள். நாம் பேச்சில் 'மரம்', 'அவன்' என்பவற்றின் கடைசி மெய்யை முழுதாகச் சொல்வதே இல்லை. உதடு மூடாமல், நாக்கு ஒட்டாமல், ஒலியை மூக்குக்கு அனுப்பி நிறுத்திவிடுகிறோம். அதே வேலைதான். இன்னொன்று புணர்ச்சி. தனியாக நிற்கும்போது ஒலிக்காத கடைசி மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பிரெஞ்சில் பல இடங்களில் உயிர்பெற்று அதோடு ஒட்டிக்கொள்ளும். 'லே', 'அமி' இரண்டும் சேர்ந்தால் 'லேஸமி'. சொற்கள் சேரும் இடத்தில் ஒலி மாறுவதைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறவர்கள் நாம். எங்கே வெட்டிக் கேட்பது என்று பிடிபட அதிக நாள் ஆகாது.

நமக்குச் சிரமம் வேறு இடத்தில். வல்லின மெய்க்குக் கனத்த ஒலி, மெல்லிய ஒலி என்று தனி எழுத்து தமிழில் இல்லை; பிரெஞ்சிலோ மீனுக்கும் பானத்துக்கும் நடுவே ஒரே ஒரு 'ப'வின் கனம்தான் வித்தியாசம். அதனால் குறிப்பேட்டில் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். ஒலியாகவே சேமியுங்கள்.

இனி அந்த நாள். ரியூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதிக்குள் வராது. விசா விஷயத்தைப் பிரெஞ்சுத் தூதரகத்தின் தளத்தில் நேராகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் தங்கியது தீவின் நடுவே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூர்-முய்ரா என்ற ஊரில். 'கார் ஜோன்' என்ற மஞ்சள் பேருந்து அந்த ஊர் வழியாகப் போகிறது. பசுமாடுகள், குளிர், புல்வெளி எல்லாம் ஊட்டிப் பக்கம் மாதிரியே இருந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்து எங்கள் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்ட மஞ்சள் பூ முட்செடியான கோர்ஸ் அங்கேயும் மேட்டு நிலங்களைப் பிடித்திருக்கிறது. எங்களுக்குச் சீகை மரம் கொடுக்கும் தலைவலியும் அவர்களுக்கு உண்டு.

பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையின் உயரம் 2,632 மீட்டர். தொட்டபெட்டா 2,637. உயரத்தைப் பார்த்து எனக்குப் பயமில்லை. ஆனால் இது உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. 2007 ஏப்ரலில் உச்சியில் இருக்கும் தொலோமியு பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. வெடிக்கும் அறிகுறி தெரிந்தால் பாதையின் கதவைப் பூட்டிவிடுவார்கள். எனவே நடையின் முதல் வேலை வாசிப்பது: எரிமலைக் கண்காணிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற அறிவிப்பு. வானொலிச் செய்தியில் 'எச்சரிக்கை', 'தடை', 'மறு அறிவிப்பு வரும்வரை' போன்றவை அடிக்கடி வரும் என்பதால் அறிவிப்புப் பலகையை ஒரே மூச்சில் படிக்க முடிந்தது.

விடுதிக்கார அம்மா விடியுமுன் மேலே போகும் ஒரு வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்தார். ப்ளேன் தே சாப்ள் என்ற கருஞ்சிவப்புச் சரளைச் சமவெளியைத் தாண்டி, சாலை 2,311 மீட்டரில் பா த பெல்கோம்ப் விளிம்பில் முடிகிறது. அங்கிருந்து செங்குத்தான சுவரில் சுமார் 500 படிகள் இறங்கினால் எரிமலையின் பெரிய தொட்டிக்குள் இருப்போம். மண் இல்லை, மரம் இல்லை, தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. உறைந்த லாவா சில இடத்தில் முறுக்கிய கயிறு போல வரி வரியாக, சில இடத்தில் செருப்பைக் கிழிக்கும் கரடாகக் கிடக்கிறது. நடைபாதை என்று தேய்ந்த தடம் கிடையாது. பாறைமேல் அடித்த வெள்ளைச் சாயப் பொட்டுகள்தான் வழி. ஒரு பொட்டில் நின்று அடுத்ததைக் கண்ணால் பிடித்துவிட்டுத்தான் அடி வைக்க வேண்டும். ஃபோர்மிக்கா லியோ என்ற சிவந்த சிறு கூம்பைத் தாண்டி, ரோஸ்மோன் தேவாலயம் என்று பெயர் வைத்திருக்கும் குடைந்த லாவாக் குமிழைத் தாண்டி, பள்ளத்தின் விளிம்புக்கு ஏற வேண்டும். போய்வர ஐந்து மணி நேரம் வரை ஆகும். அங்கே ஆளைத் தாக்கும் காட்டு மிருகம் எதுவும் கிடையாது. இரண்டு காதையும் மனிதர்களுக்காகத் திறந்துவைத்துக்கொண்டேன்.

எதிரே இறங்கி வந்த ஒரு பெரியவர் வணக்கம் சொல்லி நின்றார். மலையில் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்வது அங்கே வழக்கம். மேலே எப்படி என்று கேட்டேன். அவர் மூச்சு விடாமல் பேசினார். அத்தனையும் எனக்குப் பிடிபடவில்லை. 'ப்ருய்யார்' காதில் விழுந்தது, பனிமூட்டம். 'ஓன்ஸ் ஏர்', பதினோரு மணி. 'பொட்டு', 'நில்', 'திரும்பி'. அக்காவுக்குச் சொல்வதுபோல மனசுக்குள் மூன்று வரியாக்கி, அதையே எளிய பிரெஞ்சில் அவரிடம் திருப்பிச் சொன்னேன்: பதினோரு மணிக்கு மூட்டம் வரும், வெள்ளைப் பொட்டு தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும், கடைசியாகப் பார்த்த பொட்டுக்கே திரும்ப வேண்டும். "வுவாலா!" என்று தலையாட்டிவிட்டு இறங்கினார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதைத் தனியாக நடப்பவர்கள் எந்த மொழியிலும் விடக்கூடாது.

விளிம்பில் நின்று தொலோமியுவைப் பார்த்தேன். சுவரில் அங்கங்கே ஆவி கசிகிறது. உள்ளே எப்போதாவது ஒரு கல் உருண்டு, சத்தம் வெகு நேரம் கழித்து மேலே வருகிறது. அங்கேயே உட்கார்ந்திருக்க ஆசையாக இருந்தாலும் பத்தரைக்கு இறங்கத் தொடங்கினேன். ஃபோர்மிக்கா லியோ பக்கம் வரும்போது மூட்டம் வந்தது. கோத்தகிரியில் வருகிற மாதிரியே, தரையோடு ஒட்டி, சத்தமில்லாமல். அதற்குள் பாதையின் சுலபமான பகுதிக்கு வந்துவிட்டேன். இரண்டு பொட்டு தூரம் தெரிந்தது, அது போதும்.

போதாத இடம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவின் பேச்சுமொழி. பிரெஞ்சில் கேட்டால் ரியூனியன்காரர்கள் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள். தங்களுக்குள் பேசும்போது கிரியோலுக்குப் போய்விடுவார்கள். பாரிஸ் வானொலி மட்டுமே கேட்ட காதுக்கு அது வேகமாக நழுவியது. வண்டியில் மூன்று பேர் வானிலை பற்றிப் பேசியது எனக்குப் பாதி கூட எட்டவில்லை. எண்களும் இப்படித்தான். 70-க்கு மேல் பிரெஞ்சு எண்களை யோசித்துப் புரிந்துகொள்ள நேரம் இருக்காது. பேருந்து நேரம், விலை எல்லாம் அதில்தான் வரும். எண்களுக்கென்றே தனியாக ஒலி அட்டைகள் வைத்துப் பழகுங்கள், செய்தி கேட்பது மட்டும் இதற்குப் போதாது.

சாயங்காலம் ஊர் பேக்கரியில் 'போன்போன் பிமான்' வாங்கினேன். மிளகாய் போட்டு அரைத்து, நடுவே ஓட்டை வைத்துப் பொரித்த பருப்பு வடை. கொடுத்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாட்டில் ஒரு மலையூர் என்றேன். தன் முன்னோர்கள் காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்றார். 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குப் பிரெஞ்சு இந்தியத் துறைமுகங்கள் வழியாகப் பல்லாயிரம் பேர் போனார்கள். தீமிதி, காவடி எல்லாம் இன்றும் அங்கே நடக்கின்றன. அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சில்தான் பேசினோம், கடை சாத்தும்வரை. நான் பிரெஞ்சு கற்றதில் எனக்கு மிகப் பிடித்த அரை மணி நேரம் அதுதான்.

இந்த முறை யாருக்கு என்று கேட்டால், பயணத்துக்கும் பேச்சுக்கும் கற்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது பாதி வேலைதான் செய்யும். அதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. எழுத்துக்கு மேசையும் திருத்திக் கொடுக்க ஒரு ஆசிரியரும் அவசியம்.

நான் இப்போது ரியூனியன் லா பிரெமியேர் வானொலியையும் சேர்த்துக் கேட்கிறேன், கிரியோல் காதில் ஏற வேண்டும் என்பதற்காக. அடுத்து மஃபாத் போக ஆசை. சாலையே இல்லாத பள்ளத்தாக்கு அது. சாமான்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன, மனிதர்கள் நடந்துதான் போக வேண்டும். கோல் தே பே கணவாய் வழியாக லா நூவேல் என்ற குக்கிராமத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்கிறார்கள்.