ஒரே தொண்டையில் இரண்டு சங்கீதம்: எட்டு வகுப்பு போய் வந்தேன்

எங்கள் சமூக மன்றத்துப் பாட்டுக்குழுவை நடத்துபவர் ஒரு சீனர். பொறுமைசாலி, குரலை உயர்த்தவே மாட்டார். ஒத்திகையின் நடுவே என் பக்கம் திரும்பிச் சுண்டுவிரலை மட்டும் மேல்நோக்கி லேசாக ஆட்டுவார். சுருதி இறங்குகிறது, ஏற்று என்று அர்த்தம். ஒன்பது வயது முதல் பதினாறு வரை சிங்கப்பூர்த் தேக்காவில் கர்நாடகப் பாட்டு கற்றவள் நான். சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சுருதி சேரவில்லை என்றால் எப்படி? அந்தச் சுண்டுவிரல்தான் என்னைப் பிராஸ் பாசா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடிக்கு அனுப்பியது.

அங்கே குரல் பயிற்சி கொடுப்பவர் சென்னையில் கர்நாடக சங்கீதமும் லண்டனில் மேற்கத்தியச் சாஸ்திரிய இசையும் படித்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். எட்டு வகுப்புக்கு 680 வெள்ளி, முழுவதையும் முன்பே கட்ட வேண்டும்.

முதல் நாள் கைப்பேசியில் தம்புராவை என் சுருதியான ஐந்தரைக் கட்டைக்கு வைத்து, சங்கராபரண ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தை, பிடித்து நிற்கச் சொன்னார். நின்றேன். தேன் மாதிரி சேர்ந்தது. அப்படியே நிற்கச் சொல்லிவிட்டுத் தம்புராவை நிறுத்தி, பியானோவில் அதே சுரத்தை அழுத்தினார். என் குரல் ஒரு படி கீழே, வாசலில் செருப்பு கழற்றும் இடத்தில் நின்றது.

"நீங்க தப்பாப் பாடல அக்கா. இது வேற வீட்டு காந்தாரம்" என்றார்.

விஷயம் இதுதான். நல்ல தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை, அதாவது கீழ் 'ச' தந்தியை, கூர்ந்து கேட்டால் அதற்குள்ளேயே அந்தர காந்தாரம், அதாவது சங்கராபரணத்தின் அதே 'க', தானாக ஒலிக்கும். நம் காது பழகியது அதற்கு. பியானோவிலோ ஒரு ஸ்தாயியை (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரை) பன்னிரண்டு சமத் துண்டுகளாக நறுக்கிவிடுகிறார்கள். ஒரு துண்டை நூறு பங்காக வைத்துக்கொண்டால், பியானோவின் காந்தாரம் நம்முடையதைவிட ஏறக்குறைய 14 பங்கு மேலே இருக்கிறது. பியானோவோடு பாடும் குழுவில் நான் ஏழு வருடப் பயிற்சியை நம்பி, மிகச் சரியான தவறைச் செய்துகொண்டிருந்தேன்! இந்த ஒரு விளக்கத்துக்கே பாதிப் பணம் தீர்ந்தது என்று வையுங்கள்.

அடுத்த வகுப்புகளில் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. நமக்குச் சுரத்தின் உயிரே அசைவுதான். மேற்கத்தியப் பாடகர்களின் வைப்ராட்டோவும் அசைவுதான், ஆனால் அது ஒரே சுரத்தைச் சுற்றிச் சீராகத் துடிப்பது, ராகத்தோடு அதற்கு உறவில்லை. நான் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக, பக்கத்தில் நிற்கும் ஆல்டோ (கீழ்க்குரல்) பெண்கள் நேராக ஏறி இறங்கினால் குழுவின் குரல் கலங்கிவிடும். இதற்கு மருந்தாகப் பயன்பட்டவர் நம் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரேதான். சின்ன வயதில் பாடிய நோட்டுஸ்வரங்களை ஆசிரியர் மறுபடி எடுக்கச் சொன்னார். மேற்கத்திய மெட்டுகளுக்கு தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியவை, கமகம் இல்லாதவை. ஒன்று இங்கிலாந்தின் அரச கீத மெட்டு! முதல் தடவை சும்மா பாடினேன், இரண்டாம் தடவை 'நேராக நில்' என்று தொண்டைக்குச் சொல்லிக்கொண்டு பாடினேன். அந்த வித்தியாசம் எனக்கே கேட்டது.

உச்சஸ்தாயி இன்னும் கைகூடவில்லை. கர்நாடகத்தில் என் சுருதிக்குத் தார பஞ்சமம் (மேல் 'ப') தொட்டால் போதும், கைதட்டு உண்டு. மேற்கத்தியப் பெண்குரல்களில் உச்சமான சொப்ரானோ ஒருத்தி அதற்கும் மேலே ஒன்பது அரைச்சுரம், பியானோவின் ஒன்பது துண்டு, போக வேண்டும், அதுவும் மைக் இல்லாமல். அதற்குத் தாடையைத் தொங்கவிட்டு 'ஆ' என்று வாயை அகலத் திறக்க வேண்டுமாம். கண்ணாடியில் பார்த்தால் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வீட்டுப்பாடம் என்று கேட்கச் சொன்னது பெட்ரீஷியா ரொசாரியோவை. பம்பாயில் பிறந்து லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் படித்த சொப்ரானோ. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் டேவனர் அவர் குரலுக்கென்றே முப்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதியிருக்கிறார். 1992இல் மேடையேறிய 'எகிப்தின் மேரி' ஆப்பராவில் மேரியாகப் பாடியவர் இவர்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பேருந்தில் கேட்டேன். அடியில் ஒரே சுரம் விடாமல் நிற்கிறது, மேலே குரல் வளைந்து வளைந்து போகிறது. பைசாந்திய (கிழக்கு மரபுக் கிறிஸ்தவ) தேவாலயப் பாட்டின் வழி அது என்று பிறகு தெரிந்தது. எனக்கோ தம்புராவுக்கு எதிரே உட்கார்ந்தது போல இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

எதிர்த் திசையில் வந்தவரை என் அப்பா காலத்து ரசிகர்களுக்குத் தெரியும். அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ், புல்லாங்குழல் வித்துவான் டி. விஸ்வநாதனிடம் கற்று, தியாகராஜர் ஆராதனை நடக்கும் திருவையாற்றில் பாடி 'ஹிக்கின்ஸ் பாகவதர்' ஆனவர். 1984இல் 45 வயதில் சாலை விபத்தில் இறந்துபோனார். கண்ணை மூடிக்கொண்டு கேள், எந்த ஊர்க்காரன் என்று சொல் பார்ப்போம் என்று அப்பா கேசட்டைப் போடுவார்.

குறைகளும் உண்டு. வகுப்பு ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஐம்பது நிமிடத்தில் அடுத்த மாணவர் கதவைத் தட்டுகிறார். குளிர்சாதனம் தொண்டையை உலர்த்துகிறது, வெந்நீர்ப் புட்டி கொண்டு போங்கள். ஷிஃப்ட் மாறியதால் ஒரு நாள் போக முடியவில்லை, முந்தின நாளே சொல்லியும் அந்த வகுப்புப் பணம் போனது போனதுதான். இரண்டையும் கலந்து ஃபியூஷன் பாடலாம் என்று நினைப்பவர்களும் ஏமாந்துபோவார்கள். நானே நான்காம் வகுப்பில் ஒரு திருப்புகழை ஆப்பரா குரலில் பாடிக் காட்டினேன். சிரித்துவிட்டு, "முதல்ல ரெண்டு வீட்டுக்கும் தனித்தனிச் சாவி செஞ்சுக்குவோம் அக்கா" என்றார். கர்நாடகத்தில் கொஞ்சமாவது அடித்தளம் இருப்பவர்களுக்குத்தான் இந்த வகுப்பை நான் சொல்வேன். குழந்தைகளை அனுப்ப மாட்டேன், குழம்பிப் போவார்கள்.

போன சனிக்கிழமை ஒத்திகையில் சுண்டுவிரல் ஒரே ஒரு தடவைதான் ஆடியது. அதுவும் எனக்கா, பக்கத்தில் நின்றவருக்கா என்று தெரியவில்லை. அடுத்த எட்டு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். செவ்வாய் இரவு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அன்றைக்கு அடுத்த அறையில் டிரம்ஸ் வகுப்பு.