மேடேறக் கற்றுக்கொண்ட பழைய சைக்கிள்

முன்னால் 52, 42 பற்கள் உள்ள இரு பல்சக்கரங்களும் பின்னால் 14 முதல் 24 பற்கள் வரையிலான பல்சக்கரங்களும் கொண்ட என் பழைய பந்தய சைக்கிளில் 14–34 பற்கள் கொண்ட ஃப்ரீவீலை (பின்சக்கரத்தில் திருகிப் பொருத்தும் பல்சக்கரத் தொகுப்பு) மாட்டிய பிறகு, மிகக் குறைந்த கியர் விகிதம் (முன் பற்களின் எண்ணிக்கையைப் பின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தது) 1.75இலிருந்து ஏறக்குறைய 1.24ஆகக் குறைந்திருக்கிறது, முன்பு இறங்கித் தள்ளிச் சென்ற மேட்டில் இப்போது சீட்டில் அமர்ந்தபடியே நிதானமாக மிதித்து ஏறுகிறேன். செயினைப் பல்சக்கரங்களுக்கிடையே மாற்றும் பழைய டீரெய்லரின் மேல் சிறுசக்கரம் 34 பல் சக்கரத்தில் கரகரவென்று உரசியதால், நீண்ட கூண்டு (சிறுசக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கொண்ட டீரெய்லரும் கூடுதல் கண்ணிகள் உள்ள செயினும் தேவைப்பட்டன (இவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது). பெடல்களைத் தாங்கும் கிராங்கை மாற்றாமல் விட்டதில் எனக்கு முழு நிறைவு, ஏனெனில் இந்த வண்டியின் அழகே அதுதான். பழைய பிரெஞ்சு ஹப்களின் (சக்கரத்தின் மையப் பகுதி) மரை அளவு வேறு என்பதால், அவற்றில் இன்றைய ஃப்ரீவீலை வலிந்து திருகினால் மரை கெட்டுவிடும். பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவதற்கும் அதன் காடிகளில் கச்சிதமாக அமரும் கருவியே வேண்டும்.